சக்கரம் கேட்கப் போன வீடு

எங்கள் வேனில் முன் சீட்டு என்னுடையது. மகள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்காருவேன், பின்னால் வாழை இலைக் கட்டுகள். பொழுது விடிகிற நேரத்தில் திருவிடைமருதூர் தாண்டிக் கும்பகோணம் போகும்போது, எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். நானும் லேசாக ஆட்டுவேன். ரொம்ப ஆட்ட மாட்டேன்.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கல்யாண மண்டபத்துப் பலகையை நான் படித்து முடிப்பதற்குள் மகள் வண்டியை உள்ளே விட்டிருப்பாள். ஆனால் எந்த மண்டபத்துக்கு எத்தனை கட்டு, எந்தச் சமையல்காரர் நுனி இலை தவிர எதையும் தொட மாட்டார், எவர் கிழிசலைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வார் என்பதெல்லாம் என் தலையில் இருக்கும். மகள் புருஷனை விட்டு வந்த பிறகு அவள் கையில் ஸ்டியரிங்கும் என் தலையில் கணக்குமாக நாங்கள் எழுந்து நின்றோம். அந்த வேன்தான் எங்கள் சோறு. அதனால்தான் அந்த முன் சீட்டில் எனக்கு அவ்வளவு கர்வம்.

ஆடி மாதக் கடைசியில் வேன் நின்றுபோனது. ஏற்றிய பாரத்தோடு வரும்போதே தீய்ந்த வாடை வந்தது. "அம்மா, கிளச்சு புகையுது" என்றாள் மகள். "இலையை இறக்கிட்டுப் பார்த்துக்கலாம்டி" என்றேன் நான். இலை வாடினால் பேச்சு கேட்க வேண்டுமே என்ற நினைப்பு எனக்கு. அவளும் ஓட்டினாள். ஊர் எல்லை வருவதற்குள் என்ஜின் உள்ளே ஏதோ உடைந்து, அதன் இரும்பு உடம்பிலேயே ஓட்டை விழுந்து, எண்ணெய் முழுக்க ரோட்டில் போய்விட்டது.

கும்பகோணத்து மெக்கானிக் எங்களுக்குப் பழக்கமானவர். என்னை அம்மா என்பார், மகளை அக்கா என்பார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதைப் பார்த்து அழ வேணாம்மா. வேற என்ஜின்தான்" என்றார். எங்கேயோ மோதி நசுங்கிய ஒரு காரிலிருந்து அதே கம்பெனி, அதே அளவு என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தும் விட்டார். மகள் சிரித்த முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆவணி பிறந்தால் முகூர்த்தம். முதல் முகூர்த்தத்துக்கே பெரிய மண்டபம் ஒன்று எங்களிடம் இலை சொல்லியிருந்தது. அதைக் கொடுக்காவிட்டால் அந்த மண்டபம் வேறு வண்டிக்காரனிடம் போய்விடும். ஒரு தடவை போனது திரும்பி வராது.

என்ஜினைத் திருப்பிப் போட்ட பிறகுதான் மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். அதன் பின்பக்கத்தில் தோசைக்கல்லை விட மெல்லிசாக ஒரு தகடு மாட்டியிருந்தது.

"இது ஆட்டோமேட்டிக் கார்ல இருந்த என்ஜின்மா. அதுல கிளச்சும் கிடையாது, கியரும் கையால போடறது கிடையாது. அதனால தகடு போதும். நம்ம வண்டிக்குக் கிளச்சு வேணும். கிளச்சு உட்கார்றதுக்குக் கனமா ஒரு சக்கரம் வேணும். ஃப்ளைவீல்."

"நம்ம பழைய சக்கரம் இருக்குல்ல?" என்றாள் மகள்.

அவர் அதைத் தூக்கிவந்து வெயிலில் காட்டினார். கிளச்சு எரிந்த சூட்டில் அதன் முகம் நீலம் பாரித்து, வெடித்த வயல் மாதிரி விரிசல் ஓடியிருந்தது. "இதைப் போட்டேன்னு வைங்க, சுத்துற வேகத்துல உடைஞ்சு உங்க காலை எடுத்துக்கிட்டுப் போயிடும் அக்கா" என்றார். அந்த மாதிரி வேன் செய்வதைக் கம்பெனியே நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டதாம். புதுச் சக்கரம் எங்கேயும் கிடைக்காதாம். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, "திருவாரூர் போற வழியில ஒரு ஊர்ல இதே வண்டி ஒண்ணு ஷெட்ல நிக்குது. நான் வேலை பார்த்த வண்டிதான். ஓனர் செத்துப் போயிட்டாரு, வண்டியை யாரும் எடுக்கறதில்லை" என்று ஊரைச் சொன்னார்.

மகள் அந்தப் பக்கம் திரும்பி அங்கே கிடந்த ஒரு டயரைப் பார்த்தாள். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டேன். "திருச்சியில பார்ப்போம்" என்றேன். "ஆமா, திருச்சியில கிடைக்கும்" என்றாள் அவளும்.

இரண்டு பேருக்கும் தெரியும் அது யார் வீடு என்று. அது என் நாத்தனார் வீடு. என் வீட்டுக்காரருடைய ஒரே தங்கை. செத்துப்போன ஓனர் அவளுடைய புருஷன்.

அந்த மனுஷன் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் அத்தனை பேர் நடுவில், என் மகளைக் காட்டி, "கட்டினவனோட வாழத் தெரியாதவ, வண்டி மட்டும் ஓட்டத் தெரிஞ்சு வச்சிருக்கா" என்றார். சிரிப்பு கேட்டது. மகள் பரிமாறிக்கொண்டிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் எச்சில் கையோடு எழுந்து, "இனிமே உங்க வாசப்படியை மிதிச்சா நான் எங்க அப்பனுக்குப் பொறக்கலைன்னு வச்சுக்குங்க. நல்லதுக்கும் வர மாட்டேன், கெட்டதுக்கும் வர மாட்டேன்" என்றேன். சொன்னபடி நின்றேன். அவர் மாரடைப்பில் போனார் என்று ஆள் வந்து சொன்னபோதும் நான் போகவில்லை. கருமாதிக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரர் போனபோது அந்த நாத்தனார் காரியம் முடிகிறவரை என் பக்கத்திலேயே கிடந்து, கஞ்சியைக் கரைத்து என் வாயில் ஊற்றியவள். அது நினைவு வரும். வந்தாலும் வாக்கு வாக்குதான் என்று இருந்துவிட்டேன். அதை ஒரு பெருமையாகக்கூட நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

திருச்சிக்குப் போனோம். அந்த மெல்லிசுத் தகட்டை ஒரு துண்டில் சுற்றி நான் மடியில் வைத்துக்கொண்டேன். அதிலிருக்கும் போல்ட்டு ஓட்டைகள் எந்தச் சக்கரத்தின் ஓட்டைகளோடு சேருகிறதோ அதுதான் எங்களுக்கானது. பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர் துண்டைப் பிரிக்கும் என்னைப் பார்த்து, "என்ன ஆத்தா, ஜாதகத்தோட வந்திருக்கீங்க?" என்றார்.

"பொருத்தம் பார்க்காம இரும்பு வாங்க முடியுங்களா?" என்றேன்.

"பொண்ணு எந்த ஊரு?"

"பொண்ணு வெயிட்டு ஜாஸ்தி. மாப்பிள்ளைதான் கிடைக்கலை" என்றாள் மகள்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சக்கரம் சக்கரமாக உருட்டிவந்தார். ஒன்றில் ஓட்டை சேர்ந்தது, சுற்றளவு பெரிது. ஒன்றில் சுற்றளவு சேர்ந்தது, ஓரத்துப் பல் எல்லாம் மழுங்கிக் கிடந்தது. மகளின் கை முழங்கை வரை கருப்பாகிவிட்டது. அவள் ஒவ்வொன்றையும் தூக்கி, தகட்டை வைத்துப் பார்த்து, இறக்கினாள். எல்லாம் அம்மிக்கல் கனம். நான் நிழலில் ஒரு டப்பாவின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டைக்கு ஓட்டை பொருந்துகிற ஒன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டே, அவளை இத்தனையையும் தூக்க விட்டேன். அவளும் தெரிந்துகொண்டேதான் தூக்கினாள். எனக்காக அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்காக நான் திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலில் தலையை வைத்துத் தூங்கிப்போனாள். நகக்கண் ஒன்று கிழிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

மகளிடம் சொல்லாமல் மெக்கானிக்கிடம் மட்டும் சொன்னேன். அவர் ஸ்பானரோடு அந்த ஊர் முனையில் டீக்கடையில் இருப்பது, நான் உள்ளே போய்க் கேட்பது, சரி என்றால் ஃபோன் போடுவது என்று ஏற்பாடு. ஒரு பையில் நல்ல பூவன் பழமாகச் சீப்பும், கொழுந்து வெற்றிலையும், பாக்கும் வைத்துக்கொண்டேன். ஒன்று கேட்கப் போகிற வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது. வழியெல்லாம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று ஒத்திகை பார்த்தேன். 'வாக்கு தவறித்தான் வந்திருக்கேன், பொண்ணுக்காக' என்று நேராகச் சொல்லிவிடலாம். கௌரவமாக இருக்கும்.

ஒரு விஷயம் மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை. சாவுக்கும் போகாமல், காரியத்துக்கும் போகாமல் இருந்துவிட்டு ஒரு வீட்டுக்கு முதல் முதலாகப் போனால், எங்கள் பக்கத்தில் அது துக்கம் கேட்கப் போவதுதான். வேறு எதற்கும் அந்த வாசலில் நுழைய முடியாது. எத்தனையோ வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனவள் நான். இதை ஊருக்கே சொல்லிக் கொடுக்கிறவள். இரும்பு நினைப்பில் அன்றைக்கு மறந்து போனேன்.

கேட்டைத் திறந்தேன். இடது பக்கம் தகர ஷெட்டில் அந்த வேன் நின்றது. எங்கள் வேனின் கூடப்பிறந்தது மாதிரி அதே நிறம். டயரில் காற்று இறங்கி மண்ணோடு உட்கார்ந்திருந்தது. என் கண் முதலில் அங்கேதான் போனது. அதற்குள் நாத்தனார் வெளியே வந்துவிட்டாள். உளுந்து புடைத்துக்கொண்டிருந்திருப்பாள் போல, கையில் முறம். என்னைப் பார்த்தாள். முறம் கையிலிருந்து விழுந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா அண்ணி! இப்பத்தான் உங்க கால் இந்த மண்ணுல படணும்னு இருந்துதா! விட்டுட்டுப் போயிட்டாரே அண்ணி!"

ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வேகத்தில் நான் பையைக் கேட்டுக் கதவுக்குப் பின்னால் நழுவவிட்டேன். பழமும் வெற்றிலையும் துக்க வீட்டுக்குக் கொண்டுபோகிற பொருளா? அவள் என் தோளில் முகத்தை வைத்து ராகம் போட்டு அழுதாள். நானும் அழுதேன். கண்ணீர் தானாக வந்தது. கஞ்சி ஊற்றிய கை என் முதுகில் இருந்தது, அதனால் வந்தது. ஆனால் இனி எப்படிச் சக்கரத்தைக் கேட்பது என்ற பயமும் கூடவே வந்தது. அழுதுகொண்டே அவள் தோளுக்கு மேலாக ஷெட்டைப் பார்த்தேன். சொல்லும்போது கூசுகிறது. பார்த்தேன்.

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவர் எப்படிப் போனார் என்று சொன்னாள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாராம். தூங்குகிறார் என்று நினைத்தாளாம். சொல்லச் சொல்ல அவள் என் கையை விடவில்லை. அப்போது என் இடுப்பில் ஃபோன் அடித்தது.

நிறுத்துகிற பொத்தான் என்று நினைத்து எடுக்கிற பொத்தானை அமுக்கினேன். என் காது மந்தம் என்று மகள் அதில் சத்தத்தை ஏற்றி வைத்திருக்கிறாள். நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"அம்மா! வண்டி ஷெட்லதான நிக்குது? கேட்டீங்களா? ஸ்பானர் எடுத்துக்கிட்டு வரட்டுமா? சக்கரத்தைக் கழட்ட அரை நாள் ஆகும்மா, சீக்கிரம் சொல்லுங்க!"

நான் ஃபோனைப் புடவையில் பொத்தினேன். பொத்தியும் உள்ளேயிருந்து "அம்மா, அம்மா" என்று அது கத்திக்கொண்டிருந்தது.

நாத்தனார் அழுகையை நிறுத்தினாள். என் கையை விட்டுவிட்டு மூக்கைத் துடைத்தாள்.

"யாரு அண்ணி அது?"

"மெக்கானிக்கு."

"எந்தச் சக்கரம்?"

சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. ஆட்டோமேட்டிக் என்ஜின், தகடு, கிளச்சு என்று எதையோ உளறினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வாசல் வரை நடந்து, கேட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பையிலிருந்து வெற்றிலைக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப துக்கத்துக்கு வரலை" என்றாள்.

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கேட்டைத் திறக்கற சத்தம் கேக்குறப்ப எல்லாம் அண்ணிதான்னு எந்திரிச்சு வந்து பார்ப்பேன். பெரியப்பா, சித்தப்பா வீட்டு அண்ணிங்க எல்லாம் வந்துட்டாங்க, கூடப்பொறந்த அண்ணனைக் கட்டினவங்கதான் பாக்கின்னு ஊருல சொல்லுவாளுங்க. அவங்க ரோசக்காரங்க, ஆனா வருவாங்கம்பேன்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குச் சுலபம். "வந்தீங்க. இரும்புக்கு வந்தீங்க."

"ஆயி..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க. தெரியாம நடந்து போச்சு. நான் கட்டிக்கிட்டு அழுதுட்டேன், நீங்களும் அழுதுட்டீங்க. அழுததை இல்லைன்னு ஆக்க முடியாது. இது இப்பத் துக்கம் கேட்ட வீடு. இன்னைக்கு இங்கேருந்து ஒரு துரும்பும் வெளியில போகக் கூடாது, அந்தப் பையும் உள்ள வரக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாததா.

"பொண்ணை அனுப்புங்க" என்றாள். "அவ வந்தா தரேன். நீங்க வர வேணாம்."

துக்கம் கேட்ட வீட்டில் 'வரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. பேசாமல் எழுந்து போக வேண்டும். அந்த வழக்கம் அன்றைக்கு எனக்கு உதவியது. பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் மெக்கானிக், "என்னம்மா ஆச்சு?" என்றார். "இல்லைப்பா" என்றேன். கும்பகோணம் வரைக்கும் அந்தப் பழச் சீப்பு மடியில் கனத்தது.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஷெட்டைப் பார்த்தபடி அழுததை மட்டும் விட்டுவிட்டேன்.

"உன்னை யாரு போகச் சொன்னா?" என்றாள்.

"உனக்காகத்தான்டி..."

"எனக்காகன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கணும். அந்த மாமா பேசினது என்னை. ரோசப்பட்டு வாக்குக் கொடுத்தது நீ. மாமா செத்து அத்தை தனியா உட்கார்ந்திருந்தப்ப நான் போகணும்னு நினைச்சேன், தெரியுமா? உன் வாக்கு கெட்டுப் போகும்னு போகலை."

இது எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக அவளுடைய அவமானத்துக்கு நான் காவல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் உடனே போகவில்லை. போக மனசு வர அவளுக்கும் நாளாயிற்று. அதற்குள் முதல் முகூர்த்தம் வந்துவிட்டது. இலைக் கட்டுகளை ஒரு வாடகை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். ஆட்டோ லேட்டாகப் போய்ச் சேர்ந்து, பந்தியில் ஆட்கள் உட்கார்ந்த பிறகு இலை வந்தது. அந்த மண்டபம் அதோடு போயிற்று. மறுநாள் காலையில் மகள் எதுவும் சொல்லாமல் தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். போகும்போது நான் திருப்பிக் கொண்டுவந்த அந்தப் பையை எடுத்தாள். பழம் கருத்திருந்தது. அதைக் கொட்டிவிட்டு, வாழைத் தோப்பில் போய் வேறு சீப்பு வெட்டி வைத்துக்கொண்டாள். எங்கள் வீட்டுக்காக நான் துக்கம் கேட்டாகிவிட்டது, இனி அவள் பழத்தோடு போகலாம்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் சாக்குப் பையோடு நடந்து வந்தாள். தரையில் இறக்கியபோது மண் அதிர்ந்தது. துணியைப் பிரித்தாள். எண்ணெய் தடவித் துடைத்த சக்கரம், முகம் வழவழவென்று இருந்தது. தகட்டை எடுத்துவந்து மேலே வைத்தாள். ஓட்டைக்கு ஓட்டை சேர்ந்தது.

"யாரு கழட்டினா?"

"நம்ம மெக்கானிக் வந்தாரு. அத்தைதான் கீழ உட்கார்ந்து ஸ்பானர் எடுத்து எடுத்துக் கொடுத்தாங்க. சோறு போட்டாங்க. சாப்பிட்டேன்."

"என்னடி சொன்னா?"

"மாமா சொன்னதுக்கு அவங்க சொல்ல வேண்டியதைச் சொன்னாங்க. அது எனக்கும் அவங்களுக்கும்."

தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டே கேட்டேன். "என்னைப் பத்தி?"

மகள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு கேட்டாங்க. உங்கம்மா அன்னைக்கு அழுதாங்களே, அதுல மாமாவுக்கு எவ்வளவு, சக்கரத்துக்கு எவ்வளவுன்னு."

"நீ என்ன சொன்னே?"

"அம்மாவையே கேளுங்கன்னுட்டேன்."

வேன் ஓட ஆரம்பித்தது. புதுக் கிளச்சு, நாத்தனார் வீட்டுச் சக்கரம். பெரிய மண்டபம் திரும்பவில்லை. சின்னச் சின்ன இடங்களாகப் பிடித்து மகள் ஓட்டுகிறாள். நான் அந்தக் கேள்விக்குப் பதிலைத் தேடிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். சரிபாதி என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அதுவும் பொய். எடை போட முடிந்தால்தானே சொல்ல முடியும்.

ஐப்பசியில் திருவாரூரில் ஒரு கல்யாணத்துக்கு இலை கேட்டார்கள். இறக்கிவிட்டுத் திரும்பும்போது மகள் என்னைக் கேட்காமல் அந்த ஊருக்குள் வண்டியைத் திருப்பினாள். கேட்டருகில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நான் இறங்கவில்லை. இறங்கலாமா என்று தெரியவில்லை.

"இறங்குங்க அண்ணி. இன்னைக்கு என்ன வேணும்?" என்றாள். குத்தல்தான். வாங்கிக்கொண்டேன்.

"ஒண்ணும் வேணாம் ஆயி. நீ கேட்டதுக்குப் பதில் தெரியலை. அழுதுக்கிட்டே ஷெட்டைப் பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் வண்டிக்குப் பக்கத்தில் வந்தாள். "பார்த்தீங்கன்னு தெரியும். உங்க கழுத்து திரும்பினது என் கையில தெரிஞ்சுது" என்றாள். பிறகு மகளிடம் போய், "இதுலதான் இருக்கா அது? எங்க இருக்கு?" என்று குனிந்து பார்த்தாள்.

"உள்ள இருக்கு அத்தை. தெரியாது. வேணும்னா என்ஜின் மூடியில கையை வைங்க, அதிரும்."

அந்த மூடி டிரைவருக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. மகள் என்ஜினை அணைக்கவில்லை. நாத்தனார் என் பக்கத்துக் கதவைத் திறந்து படியில் ஏறி, எட்டி உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். எடுக்கவில்லை.

"கடைத்தெரு வரைக்கும் என்னைக் கொண்டு விடுறியாடி? திரும்பி நான் நடந்து வந்துக்கறேன்."

அவள் உட்காருவதற்காக நான் இறங்கினேன். என்னைப் பின்னால் ஏறச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானே ஏறினேன். மீந்த இலைக் கட்டு ஒன்றும் ஈரச் சாக்கும் கிடந்தன. அதன் மேல் உட்கார்ந்தேன். மகள் கிளச்சை விட்டாள். வண்டி லேசாகக்கூடக் குலுங்காமல் நகர்ந்தது.